கேட் சத்தத்துக்குப் பொரியும் சுவர்

ஆய்வுக்கூடத்து முயல் செத்த அன்று, அதன் மூளையிலிருந்த ஒரே ஒரு செல்லின் சத்தம் மட்டும் சாகாமல், முயலைப் பராமரித்தவளின் பின்னாலேயே பஸ் ஏறி வந்து, அவள் வீட்டு ஹால் சுவருக்குள் குடியேறிவிட்டது. தெருவே முயலம்மா என்று கூப்பிடும் அவளுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மணியடித்து, உடனே முயலின் கண்ணில் காற்றை ஊதி, அதன் மூளைச் செல் போடும் சத்தத்தை ஒலிபெருக்கியில் கேட்பதுதான் அவள் வேலை. முதலில் காற்றுக்கு மட்டும் கடுகுபோல் படபடவென்று பொரியும் செல், பழகியபின் மணிக்கே பொரியத் தொடங்கிவிடும். சுவரும் அப்படித்தான் பழகியது. சாயங்காலம் கணவர் கேட்டைத் திறப்பார், உள்ளே வந்து சாவிக்கொத்தை ஃப்ரிட்ஜ் மேல் ணங்கென்று போடுவார். சாவிக்குப் பொரிந்துகொண்டிருந்த சுவர், கொஞ்ச நாளிலேயே கேட் சத்தத்துக்கே படபடத்தது. அதைக் கேட்டதும் முயலம்மாவின் கை தானாக டீக்குத் தண்ணீர் வைக்கும். "நல்லா வேவு பாக்க ஆள் வச்சிருக்க!" என்று அவர் சிரிப்பார்.

வேலைக்குப் போன இடத்தில் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவேயில்லை. முயலம்மாவுக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. ஆனால் பால்காரர் கேட்டைத் தொட்டாலும் சுவர் பொரிந்தது, கை தண்ணீர் வைத்தது. அதை நிறுத்தினால் போதும் என்றிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்து மூடத் தொடங்கினாள். சாவி விழாமல் கேட் மட்டும் சத்தம் போட்டால், செல் ஏமாந்து ஏமாந்து ஓய்ந்துவிடும். அக்கம்பக்கம் வேடிக்கை பார்த்தது. கல்லூரிக்குப் போகும் மகள்தான் வாசலில் நின்று கத்தினாள்: "ஏம்மா இப்படிப் பண்ற? இந்த வீட்ல அப்பாவ எதிர்பாக்கறது அது ஒண்ணுதான். அதையும் கொல்லணுமா?" முயலம்மா மறுபடி கேட்டைத் திறந்து மூடினாள். பொழுது சாயும்போது சுவர் ஓய்ந்திருந்தது.

மறுநாள் காலை பால்காரர் கேட்டைத் தொட்டதும் சுவர் பழையபடி பொரிந்தது. முயல்களும் அப்படித்தான், தூங்கி எழுந்தால் மறந்தது திரும்பிவிடும். இன்னும் சில நாள் விடாமல் திறந்து மூடினால் நிஜமாகவே ஓய்ந்துபோகும். முயலம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்வரை போனாள். கொக்கியில் கை வைத்ததும், சுவர் ஓய்ந்தபின் வரப்போகும் அமைதியை நினைத்துப் பயம் வந்தது. அவர் போனபின் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். திரும்பி வந்து, அலமாரியிலிருந்த அவருடைய சாவிக்கொத்தை எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் போட்டாள்.

"யாரும்மா வந்தது?" என்று மகள் படுக்கையிலிருந்து கேட்டாள்.

"யாருமில்ல, படு."

அன்றிலிருந்து அந்தக் கேட்டை யார் திறந்தாலும், சுவர் ஏமாந்து ஓய்ந்துவிடாமலிருக்க, உள்ளே வந்து அந்தச் சாவிக்கொத்தை ஃப்ரிட்ஜ் மேல் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும். பால்காரரும் போடுகிறார். அடுப்பில் கூடுதலாக இருக்கும் டீயை அவரே குடித்துவிட்டுப் போகிறார்.