மேட்டிலிருந்து இறங்கும் பாதை

தூறல் விழத் தொடங்கியதும் புள்ளி தலையை நிமிர்த்தினாள். ஜன்னல் கண்ணாடியில் நாலைந்து துளிகள்தான். ஆனாலும் கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டுக் கணினித் திரைக்கு அருகே நாற்காலியை இழுத்துக்கொண்டாள். நகர மையத்தின் வரைபடத்தில் பொதுச் சைக்கிள்கள் பச்சைப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன. எந்த முனையில் நிலையம், அதில் எத்தனை சைக்கிள், எந்தத் தெரு வழியாகப் பாதை என்று இரண்டு வருஷமாக வரைபடத்தில் புள்ளி வைப்பதே வேலையாகிவிட்டதால், அலுவலகத்தில் புள்ளி என்ற பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. அம்மா அதைக் கேள்விப்பட்டபோது, முற்றுப்புள்ளி என்று வைக்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம் என்றாள்.

திறப்பு விழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. அதற்கு முன்னால் பெயர் கொடுத்த பொதுமக்களை வைத்துச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. எல்லா நிலையங்களும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. அவள் பயமெல்லாம் மருத்துவமனை மேட்டின் மேல் இருந்த ஒரே ஒரு நிலையத்தைப் பற்றித்தான். அங்கே சைக்கிள் எடுப்பவர்கள் இறங்கித்தான் ஆக வேண்டும். இறக்கம் நேராகப் பேருந்து நிலையத்தின் வெளிவாசலில் வந்து முடியும். வாசலை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேலே ஒரு மதில். பேருந்தின் மூக்கு சைக்கிள் பாதைக்குள் வந்த பிறகுதான் ஓட்டுநரின் கண்ணுக்கு இறக்கமே தெரியும்.

அவள் முதலில் போட்டிருந்த பாதை அதுவல்ல. கடைகளின் பின்பக்கத் தெரு வழியாக வளைந்து வளைந்து, சற்று நீளமாக, பேருந்தின் வாடையே படாமல் இறங்கும் பாதை. அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் திரண்டு வந்தார்கள். கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் பென்சிலை எடுத்துப் பாதையை மேட்டிலிருந்து நேராக இறங்கும் பெரிய சாலைக்கு நகர்த்தினார். உங்களுக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லையே என்று அவளைப் பார்த்துக் கேட்டார். பதினைந்து முகங்கள் திரும்பின. அவள் இல்லை என்று தலையாட்டினாள். அன்றைக்குக் காய்ந்த தரை, வெயில் நாள், இவ்வளவு தூரத்தில் நின்றுவிடும் என்று தனக்குத் தானே ஒரு கணக்கும் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒரு மழை நாளில் தானே அந்த இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தாள். பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் வாசலைத் தாண்டித்தான் நின்றது. அதைப் போய்ச் சொன்னபோது, எச்சரிக்கைப் பலகை ஒன்று வைத்துவிடலாம் என்றார் பொறியாளர். பலகை வந்தது. அவளுக்குத் தூக்கம்தான் வரவில்லை.

கைபேசி அடித்தது. அம்மா.

"மேல ஆஸ்பத்திரிக்கு வந்தேன்டி. டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தாச்சு. இப்ப உன் சைக்கிள்லதான் இறங்கப்போறேன்."

"வேணாம்மா. மழை பெய்யுது. பஸ்ல வா."

"ஏறுறதுக்கு பஸ், இறங்குறதுக்கு சைக்கிள்னு நீதானே ஊருக்கெல்லாம் சொன்னே? சைக்கிள் எடுத்தாச்சு, போனை வெச்சிடு."

அவ்வளவுதான், அம்மா வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைபேசியைக் கைப்பையோடு முன்கூடையில் போட்டிருப்பாள். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அவள். வாழ்நாளெல்லாம் சைக்கிள் பக்கமே போகாதவள், பெண் போட்ட திட்டம் என்ற ஒரே காரணத்துக்காக, இந்த வயதில் மைதானத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு ஓட்டக் கற்றாள். சோதனை ஓட்டத்துக்குப் பெயரையும் முதல் ஆளாகக் கொடுத்தாள்.

புள்ளி திரையில் மேட்டு நிலையத்தைத் திறந்தாள். அவளுக்கு முடிவெடுக்க நேரமே தேவைப்படவில்லை, விரல் தானாகப் போய் 'மூடு' என்பதை அழுத்தியது. இனி அங்கே புதிதாக எவரும் சைக்கிள் எடுக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே மூன்று வெளியே போயிருந்தன. மூன்று புள்ளிகளும் மேட்டின் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. திரை எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ.

குடையை எடுக்கவில்லை, செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. பேருந்து நிலையம் அலுவலகத்துக்கு அடுத்த தெருதான். ஓடினாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெருமுனை திரும்பும்போதே ஒரு பேருந்து உள்ளிருந்து வாசலை நோக்கி உறுமிக்கொண்டு வருவது தெரிந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே போய் அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பேருந்து குலுங்கி நின்றது. முகத்துக்கு நேராக அதன் சூடு அடித்தது.

"ஏம்மா, சாகறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்ணே. மேலருந்து சைக்கிள் வருது."

அவர் இன்னொன்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இரும்பு தேயும் கிறீச்சிடல் கேட்டது. ஒரு சைக்கிள் அவள் முதுகுக்குப் பின்னால் காற்றாய்க் கடந்தது. மருத்துவமனைச் சீருடை போட்ட இளைஞன், இரண்டு பிரேக்கையும் பிடித்தபடி, கால்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு. வாசலைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றான். திரும்பிப் பார்க்காமல் மூச்சு வாங்கினான். பிறகு எதுவும் நடக்காதது போல் மிதித்துப் போய்விட்டான். ஓட்டுநரின் கை ஹாரனுக்கு மேலேயே நின்றுவிட்டது.

புள்ளியின் கைபேசி அடித்தது. அம்மா என்று நினைத்து எடுத்தாள். தலைமைப் பொறியாளர்.

"மேட்டு நிலையம் மூடியிருக்குன்னு காட்டுது. யார் மூடினது?"

"நான்தான் சார்."

"திறங்க. விழாவே அங்கதான். அமைச்சர் அங்கருந்துதான் ஓட்டிட்டு வரப்போறார்."

இந்தக் குரலுக்குத்தான் அன்றைக்குத் தலையாட்டினாள். இப்போதும் கழுத்து தன்னால் அசையப் பார்த்தது. "மாட்டேன் சார்" என்றபோது அது தன் குரல் மாதிரியே இல்லை. அவர் பேசிக்கொண்டே இருந்தார், பணிநீக்கம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. வேலை போகும் என்ற பயம் வந்தது, ஆனால் அது பின்னால் எங்கோ வரிசையில் நின்றது. முன்னால் நின்றது வேறு. அம்மா இன்னும் வரவில்லை.

பின்னால் சேர்ந்துவிட்ட பேருந்துகள் மாறி மாறி ஹாரன் அடித்தன. பயணிகள் ஜன்னலில் கழுத்தை நீட்டினார்கள். இடத்தை விட்டு நகர்ந்தால் பேருந்து கிளம்பும், நகராவிட்டால் மேலே போய்ப் பார்க்க முடியாது. கை ஓய்ந்தும் விரித்தபடியே நின்றாள். முடியில் வழிந்த நீர் கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை.

வளைவில் ஒரு உருவம் தெரிந்தது. அம்மா சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டு, சாலையின் ஓரத்தைவிட்டு அங்குலமும் விலகாமல், நனைந்த கோழி மாதிரி நடந்து வந்துகொண்டிருந்தாள். கிட்டத்தில் வந்ததும் மகளின் கைகளையும் பேருந்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எப்போதும் வாயில் தயாராக இருக்கும் நக்கல் வரவில்லை.

"பாதி வழியிலயே பிரேக் கேக்கலடி. செவுத்துல சாச்சு எப்படியோ இறங்கிட்டேன்." உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. அதைப் புடவையில் மறைத்துக்கொண்டாள். "நீ போட்ட பாதைன்னுதான் நம்பி ஏறினேன்."

நான் போட்டது இல்லை என்று புள்ளி சொல்லலாம். அது உண்மையும்தான். ஆனால் அது வாயில் வரவில்லை.

"உன் பின்னாடி இன்னொருத்தர் எடுத்தாங்களாம்மா?"

"ஒரு பொண்ணு. எனக்கு அடுத்து எடுத்துச்சு. என்னைத் தாண்டிப் போகலையே."

ஓட்டுநர் இதைக் கேட்டிருக்க வேண்டும். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். பின்னால் இருந்த வண்டிகளைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். ஹாரன்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மழை மட்டும் கேட்டது. மூன்று பேரும் சாலை நடுவில் நின்று மேலே பார்த்தார்கள். ஈரத்தில் பளபளத்துக்கொண்டு ஏறிப்போன சைக்கிள் பாதையின் பச்சைக் கோடு வளைவில் திரும்பி மறைந்தது. அதற்கு மேல் மழைதான் தெரிந்தது.