வண்ணங்களோடு வாழ்ந்தவர்

அக்காவின் கணவர் செய்தித்தாளில் இரங்கல் விளம்பரம் எழுதுபவர். அது தெரிந்தும் என் சுயவிவரத்தை அவரிடம் கொடுத்தேன் பாருங்கள், என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். சம்பள வேலையை விட்டுவிட்டுப் பின்னறையில் மேசை போட்டு உட்கார்ந்தவள். இணையத்தில் எனக்கென்று ஒரு பக்கம் உண்டு. ஈ, காக்காய் எட்டிப் பார்க்காது. ஒரு பதிப்பகத்தின் ஆசிரியர் அம்மா மட்டும் பெரிய படக்கதைத் தொடருக்கு மாதிரி கேட்டு வாங்கிக்கொண்டு, மாதக்கணக்காக "யோசிச்சுச் சொல்றோம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். அது வராவிட்டால் பழையபடி சோப்பு உறைக்கு ரோஜாப்பூ வரையப் போக வேண்டியதுதான். என் கணவரிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"குட்டி, நீ எழுதியிருக்கறது வேலைக்காகாது," என்றார் மாடியில் குடியிருக்கும் அத்தான். "'நான் படம் வரைவேன்'னு போட்டா எவன் திரும்பிப் பாப்பான்? படிக்கறவன் மனசு உருகணும். என்கிட்ட விடு."

விட்டேன். அன்று மாலையே பக்கத்தையும் பயோடேட்டாவையும் புதிதாக எழுதி ஏற்றி, எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பியும்விட்டார். எழுத்தையே தொழிலாக வைத்திருப்பவராயிற்றே என்று நானும் படித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. பழைய ஆபீஸ் தோழி, வாழ்த்து அட்டை வரையச் சொல்லிவிட்டு என்னை மறந்தே போனவர் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே செய்தி: "ஆழ்ந்த இரங்கல்." யார் வீட்டிலோ யாரோ போய்விட்டார்கள், நம்பர் மாறி வருகிறது என்று நினைத்தேன். பிறகு ஆசிரியர் அம்மாவின் செய்தி வந்தது.

"குடும்பத்தாருக்கு. தொடரை அவருக்கே தருவதென்று முடிவு செய்திருந்தோம். எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அழுதுகொண்டே எழுதுகிறேன்."

பக்கத்தைத் திறந்தேன். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த என் முகம், கறுப்புக் கட்டத்துக்குள். கீழே: "வண்ணங்களோடு வாழ்ந்தவர். குழந்தைகளின் நெஞ்சில் நிறைந்தவர். எண்ணற்ற ஓவியங்களை விட்டுச் சென்றவர். தொடர்புக்கு: குடும்பத்தார்."

"அத்தான்!" நான் போட்ட சத்தத்தில் அவர் பாதி சவரத்தோடு இறங்கி ஓடி வந்தார். "என்னைக் கொன்னுட்டீங்களே!"

"நல்லாத்தானே இருக்கு? விட்டுச் சென்றவர்னா, கீழ படமெல்லாம் இருக்கில்ல, அதைச் சொன்னேன்..." தன் வரிகளைத் தானே ஒருமுறை முணுமுணுத்துப் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கை பழகிப்போச்சு, குட்டி. சத்தியமா எனக்குத் தோணவே இல்ல."

அவரைத் திட்டக்கூட நேரமில்லை. ஆசிரியர் அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, நான்தான் பேசறேன். நான் சாகல."

"யாருங்க நீங்க? போனவங்க பேரை வெச்சு விளையாடறீங்களே, வெட்கமா இல்ல?" என்று வைத்துவிட்டார்.

மறுபடி அழைத்தேன், இந்த முறை வீடியோவில். என் முகத்தைப் பார்த்ததும் "ஐயோ!" என்று அலறி நாற்காலியோடு பின்னால் போனார். பேயறைந்தது போலப் பார்த்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்லச் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், "நல்லா இருக்கணும் நீங்க, நூறு வருஷம் இருக்கணும்," என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அப்போ தொடர் எனக்குத்தானேம்மா?"

அவர் முகம் மாறியது. "அச்சுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கிடுச்சும்மா. வேற ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. உயிரோடிருந்த என்னை மாதக்கணக்காக யோசித்தவர், செத்துப்போன எனக்காக ஒரு பொழுதுகூடப் பொறுக்கவில்லை. அத்தான் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அழுதுகிட்டே எழுதறேன்னு சொன்னீங்களே," என்றேன். "அழுது முடிச்சுட்டுக் கையெழுத்து வாங்கினீங்களா, வாங்கிட்டு அழுதீங்களா?"

அவர் போனை வைக்கவில்லை. திரையில் அவர் கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.