வண்டி நெற்றியில் ஒரு பெயர்

ஜெயக்குமாரின் மினி லாரி நெற்றியில் 'கார்த்தி' என்று எழுதியிருந்தது. மூத்த பிள்ளை பிறந்த கையோடு வண்டியும் வந்ததால் அவன் பெயர் அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்துப் பிறந்த கீர்த்தனாவுக்குக் கிடைத்தது பின்பக்கத்துத் தகரம், அதுவும் புகை அடிக்கிற மூலை. துணி போட்டுத் துடைத்தால்தான் அவள் பெயர் அவளுக்கே தெரியும்.

கார்த்திக்கு இப்போது மறைமலைநகரில் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து துரையை ஏற்றிக்கொண்டு போகிறது. மீன் வண்டி ஸ்டியரிங்கை அவன் தொட்டதே கிடையாது. தொட்டால் கை நாறுமாம். ஜெயக்குமாருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக் கரையில் மீன் ஏற்றிச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குவது கீர்த்தனாதான். வயசு இருபது.

ஆரம்பத்தில் அவள் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்க்கவே கரையில் கூட்டம் கூடியது. போகப் போக அதே கூட்டம், எங்கள் கூடையை முதலில் ஏற்று என்று கெஞ்சியது. ஆனாலும் அவர்கள் வாயில் வந்தது 'கார்த்தி வண்டி'தான். உழைக்கிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவன் இன்னொருத்தன். அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் தன் பெயரை எழுதச் சொல்லி வாய்விட்டுக் கேட்க வீம்பு விடவில்லை.

இந்த வருஷம் வண்டிக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று புதுப்பிக்கும் வேளை வந்தது. அதிகாரியிடம் காட்டுவதற்கு முன் முழுசாகப் பெயின்ட் அடித்தாக வேண்டும். பழைய எழுத்தெல்லாம் போய்விடும். பெயின்டர் இனியனின் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வந்தவள், அப்பா வாயைத் திறப்பாரா என்று நாள் முழுக்கப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்தார்.

மறுபடியும் 'கார்த்தி' என்று இருந்தால் சாவியை அப்பா மடியில் போட்டுவிட்டுத் தானும் ஏதாவது கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் மறுநாள் பட்டறைக்குப் போனாள். வண்டி மஞ்சள் மஞ்சளென்று நின்றது. நெற்றி காலியாக இருந்தது.

"இன்னாண்ணா, பேரு எழுதல?"

"உங்க நைனா காலைல போன் பண்ணாரு. ஓட்றவ வருவா, அவ சொல்ற பேர எழுதுன்னாரு." இனியன் சிவப்பு டப்பாவில் பிரஷ்ஷை முக்கினார். "சொல்லும்மா, இன்னா எழுதணும்?"

போட வந்த சண்டைக்கு ஆளே இல்லாமல் போனது. சொந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. பட்டறையில் நின்ற மற்ற வண்டிகளைப் பார்த்தாள். ஓர் ஆட்டோவில் 'விஷாகா'. ஒரு வேனில் 'கிரிதர்'. எல்லாம் பிள்ளைகள் பெயர். ஓட்டுகிறவன் எவனும் தன் பெயரைத் தன் வண்டி நெற்றியில் எழுதிக்கொள்ளவில்லை. யாருக்காக ஓட்டுகிறானோ அந்தப் பெயர்தான் அங்கே ஏறுகிறது. இத்தனை நாளும் பெயருக்கு ஏங்கியது அந்த வீட்டுப் பிள்ளை. இப்போது அவள் பிள்ளை மட்டும் இல்லை, டிரைவர். நினைக்கவே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"ஜெயக்குமார்னு எழுதுண்ணா."

"அது உங்க நைனா பேராச்சே."

"தெரியும். பெருசா எழுது. பின்னாடி கார்த்தின்னு போடு. அவன் மேலயும் கொஞ்சம் புகை படட்டும்."

"அப்போ உன் பேரு?"

"நான்தான் உள்ளாறயே குந்திகினு கீறேனே."

வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றதும் ஜெயக்குமார் நெற்றியைப் பார்த்தார். "எவளாவது அப்பன் பேர எழுதுவாளா? ஊரே சிரிக்கப் போவுது" என்று திட்டினார். எப்.சி. முடிந்து முதல் நடை கிளம்பிய அன்று, யாரும் கூப்பிடாமலே, இஸ்திரி போட்ட சட்டையோடு இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முதுகு வலி எங்கே போனதோ, அவருக்கே வெளிச்சம்.

கரையில் அவர் இறங்கிக்கொள்ள, கீர்த்தனா வண்டியைத் திருப்பினாள். மீன்காரி காசியம்மாள் நெற்றியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கார்த்தி பிறந்த காலத்திலிருந்து இந்த வண்டியில் கூடை ஏற்றுகிறவள். கரையில் எல்லாரையும் போல அவளுக்கும் ஜெயக்குமார் வெறும் 'கார்த்தியப்பா'தான்.

"ஜெயக்குமாரா? ஏ கார்த்தியப்பா, ஆரு அது புதுசா?"

"நான்தான்."

"இத்தினி வருசமா சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே." ஜெயக்குமார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏலம் கூவுகிற இடம்வரைக்கும் கேட்கும்படி சொன்னார். "இனிமே கார்த்தியப்பான்னு கூப்புடாத. கீர்த்தனா அப்பான்னு கூப்புடு. அதோ ஓட்றா பாரு, என் பொண்ணு."

கீர்த்தனா பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி வண்டியைக் கூடைகள் பக்கமாகப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கிவிட்டதால் அன்றைக்கு இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது.