நகராத இருபது நிமிடம்

நான்கு மணி நேரம் லாரி ஓட்டினால் இருபது நிமிடம் ஓய்வு. சட்டம் அவ்வளவுதான். எங்கே ஓய்வெடுப்பது என்பதைச் சட்டம் ஓட்டுநரின் கற்பனைக்கு விட்டிருந்தது.

பெய் குவாங்ஷானுக்குக் கற்பனை குறைவு. நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்தை நம்பினான். வாசலிலேயே பலகை: லாரிகளுக்கு இடமில்லை. உள்ளே நூறு லாரிகள் சட்டப்படி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. கொத்தமல்லிச் சுமையோடு அவன் மேலே ஓட்டினான். மொத்தவிலைச் சந்தைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பே வரிசை தொடங்கிவிட்டது. அதன் வாலைத் தொட்டபோது மணி பத்து. ஓட்டியது மூன்று மணி ஐம்பது நிமிடம்.

"பாத்தியா, வரிசைதான் ஓய்வு. இவங்க நகர்றதுக்குள்ள இருபது நிமிஷம் ஓடிடும்" என்று இன்ஜினை அணைத்தான்.

பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த மனைவி சுயிலியன், "உன் லைசென்ஸும் சேந்து ஓடிடும்" என்றாள்.

அது வெறும் கேலி அல்ல. வருடத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள். அதிகச் சுமைக்கு ஆறு, ஓய்வெடுக்காததற்கு மூன்று என ஒன்பது போயாயிற்று. இன்னொரு முறை ஓய்வு தவறினால் மீதி மூன்றும் போகும். உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டு, இருபத்து மூன்று வருடம் ஓட்டியவனை மறுபடி வகுப்பில் உட்காரவைத்து, பரீட்சையும் எழுதச் சொல்வார்கள். பெய் கடைசியாகப் பரீட்சை எழுதியபோதே ஒழுங்காக எழுதவில்லை.

எட்டாவது நிமிடம் முன்னால் நின்ற லாரி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அலறியது. அந்தச் சந்தை வரிசையில் இடைவெளி விட்டால் அது புகுந்தவனுக்குச் சொந்தம். பெய் பத்து மீட்டர் நகர்த்திவிட்டு மறுபடி அணைத்தான்.

ஓட்டும் நேரத்தை எல்லாம் கணக்கெடுத்து எங்கோ அனுப்பிவைக்கும் கறுப்புப் பெட்டி பெண் குரலில் சொன்னது: "ஓய்வு முழுமையடையவில்லை. மீண்டும் தொடங்கவும்."

"உன் சின்னவீடு கோவிச்சுக்கிட்டா" என்றாள் சுயிலியன்.

அடுத்த முறை ஆறு நிமிடம். அதற்கடுத்து பதினொன்று. கூட்டினால் இருபத்தைந்து நிமிட ஓய்வு. பெட்டியின் கணக்கில் பூஜ்யம். ஓட்டியது மட்டும் மூன்று மணி ஐம்பத்து நான்கு நிமிடமாகியிருந்தது.

"இனி நகராத."

"நகரலேன்னா எவனாவது உள்ள சொருகிடுவான்டி."

விதைத் தோலைத் தட்டிவிட்டு அவள் இறங்கினாள். பின்னால் வெங்காய லாரியில் லூ என்ற மொட்டைத்தலை இளைஞன்.

"தம்பி, உன் பெட்டி என்ன சொல்லுது?"

"மூணு மணி அம்பத்தேழு நிமிஷம்க்கா. இன்னும் ரெண்டு தடவ நகர்ந்தா நான் காலி."

"அப்புறம் எதுக்குடா ஹாரன அடிச்சுத் தொலைக்கிற?"

"பின்னாடி இருக்கிறவன் அடிக்கிறான்ல?"

அவள் ஒவ்வொரு லாரியாகக் கேட்டுக்கொண்டே போனாள். எல்லாரும் அதே பதிலைச் சொன்னார்கள். முப்பதாவது லாரிக்குப் பின்னால் யாருமில்லை. அந்த ஓட்டுநர் சற்று யோசித்து, "முன்னாடி எல்லாரும் அடிச்சாங்க" என்றார்.

இருபது நிமிடம் யாரும் நகர்வதில்லை என்று முடிவாயிற்று. வரலாற்றில் அந்தச் சாலை அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

முன்னால் வரிசை விலகிப் போனது. பத்து மீட்டர், நாற்பது, நூறு. முட்டைத் தோசை வண்டிக்காரன் ஒருவன் அந்த வெற்றிடத்தில் கடையே போட்டுவிட்டான். பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல பெய்யின் கண் அங்கேயே போயிற்று.

"யோவ், ரோட்டப் பாக்காத. கண்ண மூடு" என்றாள் திரும்பி வந்து ஏறிய சுயிலியன்.

"எனக்குத் தூக்கமே வரல. சரக்கு ஏத்துறப்பவே நல்லாத் தூங்கிட்டேன். நீ வேற சும்மா..."

வாக்கியம் முடியவில்லை. தலை சாய்ந்தது. கை ஸ்டியரிங்கிலேயே இருக்க, வாய் திறந்து குறட்டை வந்தது.

சுயிலியன் விதை கொறிப்பதை நிறுத்தினாள். நன்றாகத் தூங்கியவன் இப்படிப் பேச்சின் நடுவில் விழமாட்டான். வரிசைக்கு வருமுன் கடைசி ஒரு மணி நேரத்தில் அவள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லவில்லை. ஏதோ கோபம் என்று நினைத்திருந்தாள். அப்போது வண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தது.

"ஓய்வு முழுமையடைந்தது. பயணத்தைத் தொடரலாம்" என்றது பெட்டி.

மூன்று புள்ளிகளும் பிழைத்தன. பின்னால் இன்ஜின்கள் உறுமத் தொடங்கின. லூ ஒருமுறை ஹாரன் அடித்தான். பெய்யின் தோளைத் தட்ட அவள் கையை நீட்டினாள். பாதியில் கை நின்றது. பிறகு மெதுவாகச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள்.

"அக்கா, இருபது நிமிஷம் ஆச்சு!"

"ஆச்சு. நீ சுத்திப் போ."

"இடம் போயிடும்க்கா. வண்டி பழுதா?"

"வண்டிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

லூ எட்டி, பெய் வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். அதில் வாய் திறந்து தூங்கும் முகம் தெரிந்தது. ஹாரனிலிருந்து கையை எடுத்தான். முட்டைத் தோசை வண்டியை ஓரம் தள்ளச் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கடந்து போனான். பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். அவள் சாலை நடுவில் நின்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

முப்பதாவது லாரி போனபின் அவர்கள்தான் கடைசி. சுயிலியன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். பிறகு வாளித் தண்ணீரோடு பின்னால் ஏறி, கொத்தமல்லிக் கட்டுகள்மேல் தெளிக்கத் தொடங்கினாள்.