சிஸ்டரின் கட்டைவிரல்

நர்ஸுகளைப் பற்றிய அந்தத் தொலைக்காட்சித் தொடரில் முகம் கதாநாயகியுடையது, கைகள் சிஸ்டருடையவை. ஊசி போடும் காட்சி வந்தால், மருத்துவமனையில் அவளுக்கு விடுப்பு இருக்கும் நாளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள்.

அன்று கட்டிலில் படுத்திருந்தவரை எல்லோரும் மார்ச்சுவரி மாமா என்பார்கள். எந்தத் தொடரிலும் அவருக்குச் சாகிற வேடம்தான்.

"நிஜமாவே குத்துங்க சிஸ்டர். ரத்தம் எட்டிப் பார்த்தாத்தான் டைரக்டருக்கு மனசு குளிரும்."

"கத்தினீங்க, இன்னொரு தடவை குத்துவேன் மாமா."

நரம்பில் மெல்லிய குழாயைச் செருகி ஒட்டினாள். பாட்டிலில் 'உப்புநீர்' என்ற லேபிளைப் படித்துவிட்டு சிரிஞ்சில் உறிஞ்சினாள். அதைக் குழாயில் பொருத்தி, அழுத்துவதுபோல் பாவனை காட்டினால் போதும் என்பதுதான் பேச்சு. ஆனால் வார்டில் குழாய் போட்டதும், அடைப்பு இருக்கிறதா என்று கொஞ்சம் உப்புநீர் விட்டுப் பார்ப்பது வழக்கம். அவள் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் அழுத்திவிட்டது.

மாமா முகம் சுளித்தார். "எரியுதும்மா."

உப்புநீர் எரியாது. சிஸ்டர் நிமிர்ந்தாள்.

"பாட்டில்ல என்ன இருக்கு?"

அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பானவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "பழைய பாட்டில்தான்கா. குழாய்த் தண்ணி பிடிச்சேன். பளபளன்னு தெரியட்டுமேன்னு எதையோ கொஞ்சம்…"

"எதை?"

"பேரு எழுதாத கேன்கா, காலியாச்சு, தூக்கிப் போட்டாச்சு. உள்ள போகாதுன்னுதானே சொன்னீங்க?"

"அடடா, கை என்னமா நடுங்குது!" என்றார் டைரக்டர். "அப்படியே இருங்க சிஸ்டர், நான் கட் சொல்லமாட்டேன்."

உள்ளே போனதை உறிஞ்சி எடுக்க சிரிஞ்சின் தண்டைப் பின்னால் இழுத்தாள். ரத்தம்தான் வந்தது. போனது போனதுதான். "வண்டியை எடுங்கய்யா!" என்று அவள் அலறிய பிறகுதான் கேமரா நின்றது.

வண்டியில் ஒரு கையில் பாட்டில், மறு கையில் மாமாவின் மணிக்கட்டு. நாடி தடுமாறி ஓடியது.

"எத்தனையோ தடவை செத்திருக்கேன். இப்படிக் குளிரினதே இல்ல."

"பேசிக்கிட்டே இருங்க மாமா."

"உன் வீட்டுக்காரர் இப்படிக் கையைப் பிடிக்க விடுவாரா…" என்றார். அதன் பிறகு உதடு மட்டும் அசைந்தது. எதிரே ஒவ்வொரு வண்டியும் நத்தையாக ஊர்ந்தது.

அவசரப் பிரிவில் இருந்தவர் அவளுக்குத் தெரிந்த டாக்டர். மாமாவின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தபடியே கேட்டார்: "என்ன சிஸ்டர் கொடுத்தீங்க?"

பாட்டிலை நீட்டினாள். மாமாவின் விரல்கள் அவள் புடவை நுனியை இன்னும் பற்றியிருந்தன.

"நான்தான் போட்டேன் டாக்டர். என்னன்னு தெரியல."