பெரியவள் சொல்லாத ஸ்தோத்திரங்கள்

வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருஷம் எது என்று யாராவது கேட்டால் பெரியவள் யோசிக்கவே மாட்டாள். அப்பா முதுகெலும்பு முறிந்து பலகைக் கட்டிலில் படுத்துக் கிடந்த வருஷம் என்பாள். கேட்டவர்கள் அவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அவளுக்கே தலை நரைத்துவிட்டது, யார் எப்படிப் பார்த்தால் என்ன என்கிற வயசு. ஆனால் அதே வருஷத்தில் பதினொரு மாசம் அவள் மட்டும் நரகத்தில் இருந்தாள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை ஒழுங்காக வரும். சந்தோஷமும் நரகமும் ஒரே வீட்டில் குடியிருக்குமா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு அறை. அதிலும் இரண்டும் இருந்தன.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. கீழே ஒரு பேக்கரி. விடியற்காலையில் ரொட்டி வாசனை படியேறி வந்து எழுப்பும், அலாரம் தேவையில்லை. அம்மா ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு கடைகளுக்குத் திரைச்சீலை தைப்பாள். பெரியவளுக்கு அப்போது பதின்மூன்று வயசு. சின்னவளுக்கு எட்டு, அவளுக்குக் கால் தரையில் நிற்காது, வாய் ஓயாது.

அந்த வீட்டில் சாயங்காலம் விளக்குப் போட்டதும் ஜெபம். ஜெபம் எல்லார் வீட்டிலும்தான் உண்டு. இவர்கள் வீட்டில் அப்பா ஒரு விதி வைத்திருந்தார். ஆளுக்கு ஒரு விஷயத்துக்கு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். சொன்னதையே அந்த மாசத்தில் திருப்பிச் சொல்லக்கூடாது. சாப்பாட்டுக்காக, சுகத்துக்காக என்று பொத்தாம்பொதுவாக அளந்துவிடவும் கூடாது. "அதெல்லாம் ஆண்டவருக்கே கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போயிருக்கும், புதுசா ஏதாவது சொல்லு" என்பார். கேபிளில் ஒரு இழை தேய்ந்தாலே சத்தத்தில் கண்டுபிடிக்கிற காது அவருக்கு. பழைய ஸ்தோத்திரத்தைப் புதுசு போல ஓட்டப் பார்த்தால் உடனே கையைத் தூக்கிவிடுவார்.

மாசக் கடைசியில் சின்னவள் பாடு திண்டாட்டம்தான். ஒருநாள், "கணக்கு டீச்சருக்கு ஜலதோஷம் வந்ததுக்காக ஸ்தோத்திரம்" என்றாள்.

"அடுத்தவங்க ஜலதோஷத்துக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லக்கூடாது" என்று அம்மா அதட்டினாள்.

"ஜலதோஷத்துக்கு வேணாம். பரீட்சை தள்ளிப்போனதுக்குன்னு மாத்திச் சொல்லு" என்று அப்பா திருத்திக் கொடுத்தார். சின்னவள் மாற்றிச் சொன்னாள். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அப்படி ஒரு மாசக் கடைசியில்தான் பெரியவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. தீப்பெட்டியையும் நூலையும் வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் ஏறி இறங்குகிற லிஃப்ட் ஒன்று செய்திருந்தாள். அப்பா வந்து பார்க்க வேண்டும். அப்பாவோ பெரிய கட்டடத்தில் வேலை இருக்கிறது, முடியாது என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. ஜெபத்தில் அவள் முறை வந்தபோது தெளிவாகச் சொன்னாள்: "நாளைக்கு அப்பா வேலைக்குப் போகாம வீட்ல இருக்கப் போறதுக்காக ஸ்தோத்திரம்."

"அடி கள்ளி! இனிமே நடக்கப் போறதுக்கு இப்பவே ஸ்தோத்திரமா?" அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "விதியில இதுக்குத் தடை இல்லையே. சரி, ஆமென்!" அந்த வீட்டிலேயே அன்று சத்தமான ஆமென் அவருடையதுதான்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனார். பத்து மணிக்கு, லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்து லிஃப்டின் காலிக் குழியில் ஒன்றரை மாடி உயரம் விழுந்தார். கண்காட்சியில் தீப்பெட்டி லிஃப்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தவளை அத்தை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அப்பாவின் தங்கை அவள். வழியெல்லாம் ஒரே அழுகை. ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அம்மாவிடம் பேசியது பெரியவள் காதில் விழுந்தது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனிமேல் மாசக்கணக்கில் இவர் வேலைக்குப் போக முடியாது, வீட்டிலேயேதான் இருக்க வேண்டும் என்றார்.

வீட்டிலேயேதான். அவளுக்கு நெஞ்சில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. கேட்டது கிடைத்துவிட்டது.

ஒரு மாசம் கழித்து அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூட வேலை பார்க்கிற நாலு பேர் பலகையோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். படுத்தவாறே அவர் அதிகாரம் தூள் பறந்தது. "இடது பக்கம் தூக்குப்பா, லெவல் போச்சு. பிரயாணி பயப்படறார் பாரு!" தூக்கியவர்கள் சிரித்ததில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவரைக் கீழே போடப் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் பெரியவளால் இன்றைக்கும் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை. கஷ்டம் இல்லாமல் இல்லை. அம்மாவின் மெஷின் விடியற்காலை தொடங்கினால் விளக்கு வைக்கும் வரை ஓடும். சில நாள் பேக்கரிக்காரர் முதல்நாள் ரொட்டியை, "வீணாத்தான் போகுது தங்கச்சி" என்று சொல்லி அனுப்புவார். அதே ரொட்டியும் சூப்பும்தான் இரண்டு வேளையும். ஆனால் வீட்டில் அப்பா இருந்தார்! பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தள்ளினால், "யாரது, எந்த மாடி போகணும்?" என்று ஒரு குரல். படுத்த நிலையிலேயே சின்னவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். பின்னல் கோணல்மாணலாக ஒரு காதுப் பக்கம் போய் நிற்கும், அவள் அதைப் பெருமையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவாள். அம்மா தைக்கத் தைக்க, அவர் கட்டிலிலிருந்து ஓரம் மடித்துக் கொடுப்பார். பாட்டுப் பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையிலிருந்து பாதிப்பேர் படியேறி வந்து, நிற்க இடமில்லாமல் கட்டிலைச் சுற்றி நின்று இன்னொரு தடவை பாடுவார்கள். வலி வந்தால் அப்பாவுக்கு உதடு வெளுத்துவிடும். அந்த நேரத்தில் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஜெபிப்பாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியாவதைப் பெரியவள் கதவோரம் நின்று பார்ப்பாள். மருந்துக்கு முன்னாலேயே அந்த அமைதி வந்துவிடும். அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கிட்டே போகப் பயமாக இருந்தது.

சாயங்கால ஜெபம் நிற்கவில்லை. அப்பா படுத்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார், விதியை ஒரு நூல்கூடத் தளர்த்தவில்லை. பெரியவள் முறை வரும். எல்லாரும் காத்திருப்பார்கள். "ஒண்ணுமில்ல" என்பாள் அவள்.

ஒண்ணுமில்லை என்று சொன்னதற்கும் அப்பா ஆமென் சொல்வார்.

அம்மா கேட்டுப் பார்த்தாள், அத்தை திட்டிப் பார்த்தாள். "பெத்தவன் உயிர் பிழைச்சு வந்திருக்கான், ஒரு ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரலையா? கல் நெஞ்சுடி உனக்கு!" பெரியவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒருநாள் தவறாமல் கட்டில் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

பதினோராவது மாசம் டாக்டர் நல்ல வார்த்தை சொன்னார். அப்பா ஏற்கெனவே உட்கார ஆரம்பித்திருந்தார். அடுத்த வாரம் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்றார். பிற்பாடு அப்பா கைத்தடியோடுதான் நடந்தார், லிஃப்ட் குழிக்குள் மறுபடி இறங்கவே இல்லை, கம்பெனியில் உதிரி பாகம் கொடுக்கிற ஜன்னலில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் வேறு விஷயம். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையே வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. சாயங்காலம் போதகர் வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள்ளேயே சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சபையில இதுக்காக ஒரு ஸ்தோத்திர ஆராதனை வெப்போம். வீட்டுல யாராவது எழுந்து ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லணும். பெரியவ சொல்லட்டுமே, என்னம்மா?"

"மாட்டேன்" என்றாள் பெரியவள்.

"கூச்சமா? ரெண்டே வார்த்தைதான்மா."

"மாட்டேன்! நான் சொன்னா திரும்ப விழுந்துடுவார்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அடுக்களைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். போதகர் விவரமான மனுஷர். தொப்பியை எடுத்துக்கொண்டு, "நான் நாளைக்கு வரேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

அப்பா கட்டிலிலிருந்து கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது தடவை, "நீ வரலைன்னா நான் எழுந்து வந்துடுவேன், அப்புறம் டாக்டருக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றார். வந்தாள். கட்டில் காலடியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நாளைக்கு வீட்டில் இருக்கப் போவதற்காக என்று தான் சொன்னதை, ஆண்டவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டதை, மறுபடி வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று பதினொரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை. "நான்தான்பா உங்களைத் தள்ளிவிட்டேன்" என்றாள்.

அப்பா அதுவரை அழுது அவள் பார்த்ததில்லை. அன்று பார்த்தாள்.

"கிட்ட வா" என்றார். "அன்னிக்கு ஆமென் சொன்னது யாரு? நான்தானே? ஆனா விழுந்ததுக்கு அதுவும் காரணம் இல்லடா கண்ணு. நான் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டல. பத்து நிமிஷ வேலைதானே, அதுக்கு எதுக்குப் பெல்ட்டுன்னு ஒரு திமிர். அவ்வளவுதான். கால் வழுக்கிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். புதுசா வர்ற ஒவ்வொருத்தனையும் பெல்ட் போடு, பெல்ட் போடுன்னு உயிரை வாங்கினவன் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உண்மையைச் சொல்றது? உங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான். ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

"என்ன தெரியும்?"

"ஆஸ்பத்திரியில உங்க வேலைப் பையைக் கொடுத்தாங்க. பெல்ட் உள்ளேயே இருந்துச்சு. காலைல நான் மடிச்சு வெச்ச மடிப்புகூடக் கலையல."

அப்பா மெஷின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா எழுந்து நடந்துடப் போறீங்களா?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்களா சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னுதான் இருந்தேன். உங்களுக்காக ஜெபம் பண்ணினேன். இவ மனசுக்குள்ள இப்படி ஒண்ணு கிடக்கிறது தெரியாமப் போச்சே. பக்கத்துலயே இருந்தும் தெரியாமப் போச்சே!" பெரியவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பதினொரு மாசம் மூன்று பேர் மூன்று ரகசியத்தை வைத்துக்கொண்டு ஒரே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆண்டவர் பொறுமைசாலிதான்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா எழுந்து விளக்கைப் போட்டு, சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் கண்ணை மூடினார்கள். முதலில் சின்னவள். "இன்னிக்கு எல்லாரும் அழுதும் யாரும் என்னைத் திட்டாததுக்காக ஸ்தோத்திரம்." ஆமென். அம்மா இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் சொன்னாள். விதிப்படி அது செல்லாது. ஆனாலும் ஆமென்.

அப்புறம் பெரியவள். வார்த்தை வந்தால் கூடவே ஏதாவது விழுந்துவிடுமோ என்று கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"அப்பா விசில் அடிக்கிறது படியில பாதி வரும்போதே கேக்கறதுக்காக ஸ்தோத்திரம்."

எதுவும் விழவில்லை. அப்பாவின் மூச்சு சீராகக் கேட்டது. அவள் நெஞ்சில் இருந்த கல் நகர்ந்த இடத்தில் ஏதோ வெதுவெதுப்பாக நிறைந்தது. அதற்குச் சந்தோஷம் என்று பெயர் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"ஜுரம் வந்தப்ப அப்பா தலகாணியில பாதி எனக்குக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். மழை பெஞ்ச அன்னிக்கு நாலு பேரும் கட்டில்லயே உட்கார்ந்து சாப்பிட்டதுக்காக. அம்மா ஊசியில நூல் கோக்க அப்பா கண்ணு உதவினதுக்காக. பூகோளப் பாடத்துல எல்லா ஆறும் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கிட்டே சொல்லிக் கொடுத்ததுக்காக. நான் ஒண்ணும் சொல்லாதப்பவும் என் முறையை விட்டுட்டுப் போகாததுக்காக..."

வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் விடாமல் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறாள், பார்த்து உள்ளே வைத்திருக்கிறாள். சூப் ஆறிப்போனது. சின்னவள் ஒரு கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டாள்.

மூச்சு வாங்க நிறுத்தினாள் பெரியவள். கண்ணைத் திறந்து, "இன்னும் இருக்குப்பா" என்றாள்.

"சொல்லு," என்றார் அப்பா. "நான் எங்க போகப் போறேன்? சொல்லு."