ஆல்விசேயின் வலது கால்

கோடைக்காலத்தில் ஆல்விசேயைத் தோற்கடிக்க இத்தாலியில் ஆள் கிடையாது. மலைப்பாதைக் கார் பந்தயங்களில் மற்றவர்கள் வெலவெலத்துப்போகும் வளைவுகளை அவர் சீட்டியடித்துக்கொண்டே கடப்பார். முதல் பனி விழுந்ததும் காரைக் கொட்டகையில் பூட்டிவிட்டு, பாப்ஸ்லெட் என்னும் பனிச்சறுக்கு வண்டி ஓட்ட கொர்த்தீனா என்ற மலையூருக்கு வந்துவிடுவார்.

அந்த வருடம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் எர்மெஸ். மர ஆலைத் தொழிலாளி, அகன்ற தோள். அவன்தான் வண்டியைத் தள்ளிவிட்டு ஏறிக் குனிந்துகொள்ள வேண்டும். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பின்னாலிருக்கும் பிரேக்கை இழுக்க வேண்டும். நடுவழியில் இழுத்தால் பனித்தடம் கிழிந்துவிடும், போட்டியிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டி. உலகப் போட்டிக்கு இரண்டு ஜோடிகள்தான் போகும். ஏற்கெனவே இருமுறை தேர்வாகாமல் ஊரிலேயே நின்றுவிட்ட எர்மெஸுக்கு இந்த முறையும் நம்பிக்கை இல்லை. காரணம், ஆல்விசேயின் வலது கால். வளைவு வந்ததும் கார் ஓட்டிய பழக்கத்தில் அது தன்னால் ஓங்கி மிதித்தது. அவர் காலடியில் ஏது பிரேக்? கால் ஊன்றும் கட்டைதான் மிதிபட்டது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி குலுங்கி வேகம் செத்தது.

சனிக்கிழமை, உள்ளூர் பாப்ஸ்லெட் ஓட்டுநர் பெப்பி மதுக்கடையில் எர்மெஸின் தோளில் கைபோட்டான்.

"அந்தக் கார்க்காரரை விட்டுட்டு என் பின்னால வந்து உக்காருடா. பனிக்கட்டியில போய் பிரேக் தேடுற மனுசன்கூட உனக்கென்ன வேலை? சாயங்காலத்துக்குள்ள சொல்லு."

பெப்பியோடு போவதென்று எர்மெஸ் முடிவெடுத்துவிட்டான். முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று ஆல்விசே தங்கியிருந்த விடுதிக்குப் போனான்.

சமையற்கட்டின் பின்முற்றத்தில் ஒரே சிரிப்பு. நடுவே வண்டி. அதில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார் ஆல்விசே. வலது பூட்ஸுக்கும் கால்கட்டைக்கும் நடுவில் ஒரு பச்சை முட்டை. கால்சட்டையெல்லாம் மஞ்சள் கரு.

"நீங்க இப்படியே பழகுனா நாளைக்கு எல்லாருக்கும் வெறும் சோளக்களிதான்! மிச்சம் இருக்கறதே நாலு முட்டை!" என்று கத்தினாள் சமையல்காரி ஒலீவா.

"அந்த நாலையும் கொடு தாயே, புண்ணியமாப் போகும்," என்றார் ஆல்விசே. பத்திரிகைகளில் படம் வரும் மனிதர், சுற்றி நின்று சிரித்தவர்களைப் பற்றிக் கவலையே படவில்லை. எர்மெஸின் குரல் கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

"பெப்பி கூப்பிட்டானாமே?"

"ஆமா."

"நல்லா ஓட்டுவான். போறதுன்னா போ, நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா போறதுக்கு முன்னாடி வளைவையெல்லாம் ஒரு தடவ வரிசையாச் சொல்லிட்டுப் போ. நான் மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கறேன்."

எர்மெஸ் சொல்ல ஆரம்பித்தான். பெரிய வளைவில் 'பொளக்' என்று முட்டை உடைந்தது. மறுபடி சொன்னான். மறுபடி பொளக். அடுத்த முட்டையை எர்மெஸே எடுத்து வைத்தான். இத்தனை ஜெயித்த பிறகும் இப்படிப் பழக ஒருவர் தயாராக இருக்கும்போது எப்படி விட்டுப்போவது? கடைசி முட்டை தப்பித்தபோது ஒலீவாவே கைதட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் இடம் வேறொரு ஜோடிக்கு உறுதியாகிவிட்டது. இரண்டாவது இடத்தில் பெப்பி. பாக்கி இருந்தது ஆல்விசேயின் ஓட்டம் மட்டும்.

எர்மெஸ் உயிரைக் கொடுத்துத் தள்ளி, ஏறிக் குனிந்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தன் காலோடு ஒட்டியிருந்த ஆல்விசேயின் வலது கால்தான். முதல் வளைவு. கால் அசையவில்லை. அடுத்தது. அசையவில்லை. பெரிய வளைவில் வண்டி சுவரின் உச்சிக்கே ஏறியது; அப்போதும் அந்தக் கால் கல்லாகக் கிடந்தது. 'மிதிக்கல, மனுசன் மிதிக்கவே இல்ல!' எர்மெஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஜனங்களின் கூச்சல் காதருகில் வந்து பின்னால் போனது.

"எர்மெஸ்! பிரேக்கு! டேய், பிரேக்குடா!" என்று முன்னாலிருந்து அலறினார் ஆல்விசே.

எல்லைக்கோட்டைத் தாண்டி எத்தனை தூரம் வந்துவிட்டார்களோ, வண்டி வைக்கோல் கட்டுகளைப் பிளந்துகொண்டு பனிக்குவியலில் போய்ச் செருகியது. முதலில் ஓடிவந்தவன் பெப்பி. எர்மெஸைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"உயிரோடதான் இருக்கியா? என்னைவிட ஒரு மூச்சு முந்திட்டீங்கடா, பாவிங்களா! நான் ஊர்லயே கெடக்கறேன், நீ போய்ட்டு வா," என்று கட்டிக்கொண்டான்.

ஆல்விசே வாயிலிருந்த வைக்கோலைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"பிரேக்கை மறக்க வேண்டியவன் நான்டா! நீ எதுக்கு மறந்த?"